வேணாம் என்று எழுதினேன்

மனிதர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "பேசறப்ப மூஞ்சியப் பாத்துப் பேசு, என் பல்லு உன்ன என்ன பண்ணுச்சு" என்று என் கணவர் பல வருஷம் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பலகையில் எனக்குப் பேச்சுப் பயிற்சியாளர் என்று பெயர். வார்டில் 'பேச்சு மேடம்'. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, அதனால் அந்தப் பெயரில் கொஞ்சம் கிண்டலும் உண்டு.

கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். அவர்களுக்கு மூச்சு அந்தக் குழாய் வழியாகவே போய் வரும். குழாயின் அடிமுனையைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கும். அதில் காற்றடைத்துவிட்டால் குரல்வளைக்குப் பொட்டுக் காற்றுகூட ஏறாது. காற்று ஏறாவிட்டால் குரல் கிடையாது. உதடு அசையும், நாக்கு அசையும், சத்தம் மட்டும் வராது. அந்தச் சமயத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். உதட்டைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று சொல்வேன். பதினேழு வருஷத்தில் எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்தத் தலைக்கனத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒருவருடைய கேஸ் ஷீட்டில் 'வேணாம்' என்று எழுதினேன்.

அவர் பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் மைக் பிடித்தவர். எந்தப் பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை எங்கே கிடக்கிறது என்று காலையிலிருந்து மாலை வரை சொல்லிக்கொண்டே இருந்தவர். வார்டுக்கு வந்த இரண்டாம் நாளே சிஸ்டர்கள் அவருக்கு 'மைக் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரோ ஒரு வார்த்தை பேசமுடியாமல் படுத்திருந்தார். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிற ஒரு நோய். காலில் தொடங்கி மேலே ஏறும், பிறகு பெரும்பாலும் தானாக இறங்கும், ஆனால் இறங்க மாதக்கணக்காகும்.

"மொதல்ல கால் மரத்துப்போச்சுன்னாரு. செருப்பு நழுவுதுன்னாரு. நான் செருப்பத்தான் திட்டினேன், மேடம்" என்றார் அவர் மனைவி. "நாலாம் நாள் காபி டம்ளரப் பிடிக்க முடியல. அஞ்சாம் நாள் மூச்சு."

நான் பார்த்தபோது அவர் மூச்சு இயந்திரத்தில் இருந்தார். கை கால் அசையாது. முகத்திலும் பலம் போயிருந்தது. நெற்றி சுருங்காது, இமை முழுதாக மூடாது, உதடு மட்டும் அரைகுறையாக அசையும். நான் எல்லா நோயாளிகளுக்கும் செய்வதையே அவருக்கும் செய்தேன். "சார், நீளமா எதுவும் சொல்ல வேண்டியதில்ல. நான் கேக்கற கேள்விக்கு வேணும், இல்லன்னா வேணாம். ரெண்டே வார்த்தை." அவர் கண்ணால் சரி என்றார். சிஸ்டர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஃபேன் வேணுமா, வேணாமா. தலையணை வேணுமா, வேணாமா.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி என் அறைக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"எங்க பொண்ணு வந்திருக்கா. வெளிய பெஞ்சில உக்காந்திருக்கா."

"உள்ள கூட்டிட்டுப் போங்களேன்."

"ஆறு வருஷமா அவரு அவகிட்ட பேசறதில்ல, மேடம். கேக்காம உள்ள விட்டேன்னா, எழுந்து நடக்கற அன்னிக்கு மொதல் மண்டகப்படி எனக்குத்தான். நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டா எனக்குத் தோதா படிச்சிடுவேன்."

ஆறு வருஷத்துக்கு என்ன காரணம் என்று நடைவழியில் நடந்துகொண்டே சொன்னார். பஸ் நிலையத்தில் மைக்கை எடுத்துவிட்டுப் பதிவு செய்த குரலை வைக்க முடிவு செய்தார்கள். அந்த வேலையை எடுத்துக்கொண்ட கம்பெனியில்தான் மகளுக்கு உத்தியோகம். பெண்குரல் ஒன்று வேண்டும் என்றிருக்கிறார்கள். அப்பாவிடமிருந்து வந்த குரல் நன்றாக இருந்தது, பேசிக் கொடுத்துவிட்டாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டிருக்கிறாள். ஒருநாள் காலை அவர் வழக்கம்போல மைக்கைக் கையில் எடுத்தபோது தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் மகள் பேசினாள். வீட்டுக்கு வந்தவர் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த நிலையத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை. எங்கே போவதானாலும் அடுத்த நிறுத்தம் வரை நடந்து போய் ஏறுவாராம்.

"கோவத்துல நடந்து நடந்து சக்கர வியாதி வராம இருந்துச்சு, அது ஒண்ணுதான் மிச்சம்" என்றார் மனைவி.

நானும் தினமும் அந்த நிலையத்தில்தான் பஸ் ஏறுகிறேன். அந்தக் குரலை ஆறு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அதற்கு ஒரு அப்பா இருப்பார் என்று தோன்றியதில்லை.

கட்டிலருகில் குனிந்து கேட்டேன். "சார், உங்க பொண்ணு வந்திருக்காங்க. பாக்கணும்னா வேணும்னு சொல்லுங்க. இல்லன்னா வேணாம்." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு பிரிந்தது, பல் கீழுதட்டைத் தொட்டது, நாக்கு மடங்கியது, பிறகு வாய் அகன்று நின்றது. மறுபடி கேட்டேன். மறுபடி அதே. வேணாம். கேஸ் ஷீட்டில் தேதியும் நேரமும் போட்டு எழுதினேன்: மகளைச் சந்திக்க விருப்பமா எனக் கேட்டதற்கு இருமுறை 'வேணாம்' என்றார்.

மகளுக்குச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அவர் மனைவி கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டார். முப்பது வயதிருக்கும் பெண். எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது, மடியில் துணிப்பை. நான் சொன்னேன்.

"சத்தமா சொன்னாரா?" என்று கேட்டாள். அந்தக் குரலை அங்கே கேட்க விசித்திரமாக இருந்தது.

"சத்தம் வராதும்மா. உதட்டப் பாத்துதான் சொல்றேன்."

"ஓ" என்றாள். "சரி மேடம். அவருக்கு முடியாதப்ப தொந்தரவு பண்ணக் கூடாது." என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள், தன்னுடையதைக் கொடுத்தாள், பையை எடுத்துக்கொண்டு போனாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இந்த வேலையில் மனசு மரத்துப்போகும், அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் உருகிக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் ஆள் மிஞ்சமாட்டேன்.

வியாழக்கிழமை அவர் கட்டிலைக் கடந்து போகும்போது சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், இந்த மைக் சார் பெரிய சந்நியாசி. ஃபேன் வேணாம், போர்வை வேணாம், வாய தொடைக்கறது வேணாம். எதக் கேட்டாலும் வேணாம்தான். ஒரு தடவகூட வேணும்னு வந்ததில்ல."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

என் வாயாலேயே சொல்லிப் பார்த்தேன், சத்தமில்லாமல். வேணும். வேணாம். தொடக்கம் ஒன்றுதான். கடைசி மெய் இரண்டிலும் மூக்குக்குள் போய்விடுகிறது. நடுவில் ஒன்றுக்கு உதடு குவிய வேண்டும், இன்னொன்றுக்கு விரிய வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். முகத்தில் பலமில்லாதவருக்கு உதடு குவியாது. அவர் ஆயிரம் தடவை வேணும் என்று சொன்னாலும் பார்க்கிறவருக்கு வேணாம்தான் தெரியும்.

ஆமா, இல்ல என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஒன்றில் உதடு ஒட்டப் பார்க்கும், மற்றதில் நாக்கு மேலே போகும். கண்ணாடியை வீட்டில் மறந்து வந்தவர்கூடப் படித்துவிடுவார். பதினேழு வருஷமாக வேணும், வேணாம் என்ற இரண்டைத்தான் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மற்றவர்களுக்கு முகம் நன்றாக இருந்ததால் தப்பித்திருக்கிறேன். என் மேல் வந்த கோபத்தில் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுபோனேன்.

உடனே சரிசெய்யப் பார்த்தேன். கண்ணால் பதில் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது: மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. "சார், அன்னிக்கு நான் சரியா கேக்கல. பொண்ணு வரலாமா?" என்றேன். கண் மேலே போனது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு, "நீங்க ரயில் டிரைவரா?" என்று சும்மா கேட்டேன். கண் மறுபடி மேலே போனது. அப்போதுதான் புரிந்தது. அவர் கண்ணை மூடப் பார்க்கிறார். இமையில் பலமில்லாதவர் மூட முயன்றால் இமை அப்படியே நிற்கும், விழி மட்டும் மேலே உருண்டு வெள்ளை தெரியும். எனக்கு ஆமாம் என்று தெரிந்தது, அவருக்கு 'போதும், போ' என்பதாக இருக்கலாம்.

இடது, வலது என்று மாற்றினேன். தாகமா, வலியா, வெளிச்சம் அதிகமா, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது. மகளைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் கேட்டேன். மூன்று நாளும் கூரைதான். நான்காம் நாள் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் வாயால் சத்தமாகச் சொன்னால்தான் உண்டு என்று தெரிந்துவிட்டது. அதற்கு அவருக்குக் குரல் வேண்டும்.

பத்து நாளில் மூச்சு இயந்திரம் தேவைப்படாமல் போனது. கன்னத்திலும் உதட்டிலும் பலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கை மட்டும் இன்னும் தலையணையை விட்டு எழவில்லை. நான் பேச்சு வால்வை எடுத்துக்கொண்டு போனேன். வார்டில் அதற்கு 'மூடி' என்றுதான் பெயர். விரல் நுனி அளவு பிளாஸ்டிக். கழுத்துக் குழாயின் வாயில் மாட்டினால் மூச்சு உள்ளே போகும்போது திறக்கும், வெளியே வரும்போது மூடிக்கொள்ளும். காற்று வேறு வழியில்லாமல் குழாயைச் சுற்றி மேலேறி, குரல்வளை வழியாக வாய்க்கு வரும். பலூனை முழுதாகச் சுருக்காமல் மூடியை மாட்டினால் உள்ளே போன காற்று திரும்பி வர முடியாது. ஆள் நம் கண்ணெதிரே திணறிப்போவார். அதனால் பலூனை நானே சிரிஞ்சால் உறிஞ்சுவேன். யார் உறிஞ்சியதாகச் சொன்னாலும் மறுபடி உறிஞ்சிப் பார்ப்பேன். இதனால் எனக்குச் சந்தேகப் பிராணி என்றும் ஒரு பெயர் உண்டு.

குழாய்க்கும் மூடிக்கும் நடுவில் ஒரு கிளைக்குழாய் மாட்டி, அதில் மீட்டரைச் செருகுவேன். மூச்சு விட்டு முடிக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் தங்குகிறது என்று அது காட்டும். பத்துக்குள் இருந்தால் காற்று நன்றாக மேலேறிப் போகிறது. பத்தைத் தாண்டினால் வழி குறுகல். இருபது என்றால் மூடியைக் கழற்றிவிட்டு மறுபேச்சு.

மூடியை மாட்டினேன். முதல் மூச்சில் முள் பன்னிரண்டில் நின்றது. இரண்டாவதில் பதினேழு. "சார், ஆன்னு சொல்லுங்க" என்றேன். கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. சத்தம் வரவில்லை. முள் இருபத்துநாலு. கழற்றினேன். உள்ளே அடைபட்ட காற்று குழாய் வழியாகப் பொக்கென்று வெளியே வந்தது. நிற்க வைத்த சைக்கிள் டயரில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம்.

அவர் மனைவி சுவரோரம் நின்றிருந்தார். "பேசுவாரா, மேடம்?"

"இந்தக் குழாய் அவருக்குத் தடிமன். சுத்தி காத்து போக எடமில்ல. சின்னக் குழாய் போட்டா பேசுவாரு."

தொண்டை டாக்டர் அதற்குச் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் ரெண்டு மூணு வாரத்துல குழாயையே எடுத்துடப் போறோம். நடுவுல எதுக்கு ஒரு மாத்தல்? மாத்தறப்ப துளை சுருங்கி மாட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"சளி மேல வரல, சார். காத்து தொண்டை வழியா போனா முழுங்கறதும் சீக்கிரம் வரும்."

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தான்."

பொய் இல்லை; சளியும் விழுங்குவதும் உண்மைதான். ஆனால் நான் நச்சரித்ததற்கு அது காரணமில்லை. நான் எழுதிய ஒரு வார்த்தை சரியா தப்பா என்று எனக்குத் தெரிய வேண்டும். தப்பு என்றால் அந்தப் பெண்ணை நான்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்கு நாள் டாக்டர் பின்னாலேயே திரிந்தேன். ஐந்தாம் நாள், "உங்க வாயி எங்க வாயையெல்லாம் அடச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே குழாயை மாற்றிக் கொடுத்தார். மாற்றியபோது கொஞ்சம் ரத்தம் வந்தது, அரை மணியில் நின்றது. அந்த அரை மணி நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தனியாக ஒரு ஒத்திகை பார்த்தேன். அழுத்தம் ஆறு, ஏழு. அதற்கு மேல் போகவில்லை. பேசச் சொல்லவில்லை, மூச்சு மட்டும் விடச் சொன்னேன். அறைக்கு வந்து மகளுக்குப் போன் செய்தேன்.

"அப்பா நாளன்னிக்குப் பேசப் போறாரு. வாங்க."

"அவரு கூப்பிட்டாரா?"

"கூப்பிடல. ஆனா அன்னிக்கு நான் படிச்சது தப்பா இருக்கும்னு நெனக்கிறேன்." உதடு குவியாத கதையைச் சொன்னேன். இணைப்பு போய்விட்டதோ என்று ஹலோ சொன்னேன்.

"இருக்கேன், மேடம்" என்றாள். "நீங்க தப்பா படிச்சிருப்பீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வரேன்."

நோயாளியின் அனுமதி இல்லாமல் அவர் குடும்பத்தாரை அழைப்பது என் வேலையில் சேராது. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பது என் குணமும் இல்லை. இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன். அவர் மனைவியிடம் சொன்னபோது, "வந்தா வரட்டும்" என்றார். "அவரு வாயால சொல்லிட்டா, அது எதுவானாலும் நான் கேட்டுக்கறேன். நடுவுல நின்னு நின்னு எனக்கும் கால் மரத்துப்போச்சு."

சொன்ன நாளன்று காலை பத்தரை மணி. மகள் அதே துணிப்பையோடு வந்தாள். இந்த முறை பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. நடுவில் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் வேணும் என்று சொன்னதும் திரையை விலக்கிவிடலாம் என்பது என் திட்டம். அவர் என்ன சொல்வார் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. உதடு குவியாது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தப் பதிலை நானே அவருக்காக எழுதி வைத்துவிட்டேன்.

படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். சிஸ்டர் சளியை உறிஞ்சினார். பலூனைச் சுருக்கினேன், மறுபடி ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தேன். மீட்டரைச் செருகி மூடியை மாட்டினேன். ஏழு. ஏழு. எட்டு. விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் தொண்ணூற்றேழு என்றது.

"சார், ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் எண்ணுங்க."

முதலில் தொண்டையில் ஏதோ கரகரத்தது. ஐந்து வாரம் பேசாமல் கிடந்த குரல் அப்படித்தான் வரும். இருமினார், அதுவும் சத்தத்தோடு. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மறுபடி மூச்சு இழுத்தார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு." மூன்றைத் தாண்டி நாலில் குரல் திறந்துகொண்டது. "அஞ்சு." கரகரப்புக்கு அடியில் நல்ல கனத்த குரல். ஒரு கூட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருக்கும். சிஸ்டர், "அட, நெசமாவே மைக்குதான்" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி அசைந்தது.

"எப்படி இருக்கு, சார்?"

"தொண்டை எரியுது." மனைவியைப் பார்த்தார். "நீ ஏன் எளச்சுட்டே?"

அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பேசும்போது முள் ஒன்பதில் நின்றது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்தேன்.

"சார், ஒரு மாசம் முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். அப்ப எனக்குச் சரியா தெரியல. இப்ப சத்தமா சொல்லுங்க. உங்க பொண்ணப் பாக்கணுமா? வேணுமா, வேணாமா?"

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் இப்போது பலம் இருந்தது. நெற்றி லேசாகச் சுருங்கியது.

"வேணாம்" என்றார்.

நான் மீட்டரைப் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை, கண் அங்கே போனது. ஒன்பது. கோளாறு ஒன்றுமில்லை. திரையை நான் அப்போதே கண்ணால் பார்த்திருந்தால் அங்கே ஆள் இருப்பதைப் புரிந்துகொண்டு அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் பார்க்கவில்லை. காதில் சரியாக விழாதது போல மறுபடி கேட்டேன்.

"வேணாமா, சார்?"

"அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக, கோபமில்லாமல் சொன்னார். "ரெண்டு தடவ சொன்னேன். நீங்களும் சரியாதானே எழுதினீங்க. அப்புறம் தெனம் வந்து அதையே கேட்டீங்க. ஒருத்தன் வாயில்லாம கெடக்கறப்ப சொன்னதுக்கு மதிப்பில்லையா?"

இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை: எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன். உதடு குவியாத முகத்திலும் சரியாகப் படித்திருக்கிறேன். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. இரண்டு விநாடி இருக்கும். அதன் பிறகுதான் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இருப்பது நினைவுக்கு வந்தது.

அவர் மனைவி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதுவும் நடக்காதது போல வந்து அவர் வாயோரம் துடைத்துவிட்டார். "சரி, விடுங்க. தண்ணி வேணுமா?" என்றார். "வேணும்" என்றார் அவர். உதடு அழகாகக் குவிந்தது.

பதினைந்து நிமிஷம் பேச வைத்துவிட்டு மூடியைக் கழற்ற வேண்டும், முதல் நாள் அதுதான் அளவு. பதினைந்து நிமிஷமும் முடித்தேன். அழுத்தம், ஆக்ஸிஜன், நாடி, குரலின் தன்மை எல்லாவற்றையும் எழுதினேன். திரையைச் சுற்றிப் போய்ப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

அவள் நடைவழியில் தண்ணீர்க் குழாய் அருகே நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"குரல் நல்லா இருக்கு" என்றாள் அவள். "நான் பயந்துட்டிருந்தேன், குரல் போயிடுமோன்னு."

"இன்னும் தெளிவாயிடும்."

"நான் வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

தலையாட்டினாள். பைக்குள் கைவிட்டுப் பஸ் சீட்டைத் தேடி எடுத்து, நேரத்தைப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தாள். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று காத்திருக்கிறாள் என நினைத்தேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. தான் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு நீங்க சொன்னத நான் நம்பல. சத்தமில்லாம சொன்னத யாரால சரியா படிக்க முடியும்னு நெனச்சேன். எங்கப்பா வேணும்னுதான் சொல்லியிருப்பாரு, இவங்களுக்குத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேதான் பஸ் ஏறினேன். இந்த ஒரு மாசமும் அப்படித்தான் சாப்பிட்டேன், அப்படித்தான் தூங்கினேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பாகப் படித்திருந்தால் கேட்டிருக்கலாம்.